நவம்பர் 1: ஒரு தேதி, பல பிறந்தநாள்கள். பெங்களூர்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். மாதத்திற்கு ஒரு தேதியைத் தேர்ந்துகொண்டு, அன்று நடந்தவை, பிறந்தவர்கள், மறைந்தவர்கள், கடைப்பிடிக்கப்படும் நாள்கள் ஆகியவற்றை ஒரே தாளில் அச்சிட்டு வகுப்பில் கொடுப்பது எங்கள் வழக்கம். மற்ற மாதத்துத் தாள்கள் பள்ளிப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். நவம்பர் 1-க்கான தாள் மட்டும் வீட்டில் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டு, அடுத்த ஞாயிறே கேள்விகளோடு எங்களிடம் திரும்பி வரும். பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஓரிடத்தில் தொகுத்து விடையளித்திருக்கிறோம்.

நவம்பர் 1 அன்று பெங்களூரில் எதற்காக விடுமுறை?

கன்னட ராஜ்யோத்சவம். கன்னடம் பேசும் பகுதிகள் ஒரே மாநிலமாக இணைந்த நாள் 1956 நவம்பர் 1. கர்நாடகத்தில் அன்று அரசு விடுமுறை. தெருமுனைகளில் மஞ்சளும் சிவப்புமான கொடி ஏறும். ஆட்டோக்களின் முன்கண்ணாடியில் அதே நிறத் தோரணம் தொங்கும். புவனேஸ்வரி தாயின் படத்தை அலங்கரித்து ஊர்வலம் போவார்கள். அந்த மஞ்சள் சிவப்புக் கொடியை 1960-களில் வடிவமைத்தவர் கன்னட இயக்கத்தைச் சேர்ந்த ம. ராமமூர்த்தி. விழா ஒரு நாளோடு முடிவதில்லை; நவம்பர் முழுவதும் ஏதாவதொரு மைதானத்தில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்கும். அந்த ஒரு மாதம் மட்டும் மொழிப்பற்றுக் காட்டுகிறவர்களைக் கன்னடர்களே ‘நவம்பர் கன்னடிகர்’ என்று கேலி செய்வதுண்டு.

கேரளம், ஆந்திரம், மத்தியப் பிரதேசம் எல்லாவற்றுக்கும் அதே தேதிதான் என்கிறார்கள். இது எப்படித் தற்செயலாக அமைந்தது?

தற்செயலே அல்ல. இந்தத் தேதியைப் பற்றி முதலில் புரிந்துகொள்ள வேண்டியதே இதுதான். ‘வரலாற்றில் இன்று’ வகைப் பட்டியல்களில் அடுத்தடுத்த வரிகளாக வருகிறவற்றுள் சில ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் இல்லாதவை. சில ஒரே காரணத்தில் கிளைத்தவை. நவம்பர் 1-இல் இரண்டும் கலந்து கிடப்பதால், எது எந்த வகை என்று பிரித்துச் சொல்லாமல் தாளை அச்சிடுவதில்லை என்று வைத்திருக்கிறோம்.

மொழிவழி மாநிலம் என்ற கோரிக்கை பழையது. சென்னையில் உண்ணாநோன்பு இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று இறந்த பிறகு அதைத் தள்ளிப்போட முடியாமல் போயிற்று. 1953 அக்டோபர் 1 அன்று, கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் பிரிந்தது. அதே ஆண்டு இறுதியில் ஃபசல் அலி தலைமையில், எச். என். குன்ஸ்ரு, கே. எம். பணிக்கர் ஆகியோரை உறுப்பினர்களாகக் கொண்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம் அமைந்தது. 1955 செப்டம்பரில் அது தந்த அறிக்கையை ஒட்டி, நாடாளுமன்றம் 1956-இல் மாநில மறுசீரமைப்புச் சட்டத்தை இயற்றியது. ‘குறித்த நாள்’ என்று அந்தச் சட்டமே எழுதி வைத்த தேதிதான் 1956 நவம்பர் 1, வியாழக்கிழமை. அதுவரை முதல்வகை, இரண்டாம்வகை, மூன்றாம்வகை என்று தரம் பிரித்து வைக்கப்பட்டிருந்த மாநிலங்கள், அன்று காலையில் 14 மாநிலங்களாகவும் 6 ஒன்றியப் பகுதிகளாகவும் மாறின.

ஆக, கர்நாடகமும் கேரளமும் ஆந்திரப் பிரதேசமும் மத்தியப் பிரதேசமும் ஒரே நாளில் பிறந்தநாள் கொண்டாடுவது, ஒரே பிரசவத்தில் பிறந்த பிள்ளைகள் கொண்டாடுவது போலத்தான்.

ஹரியானாவும் சத்தீஸ்கரும் பின்னால் வந்தவை அல்லவா?

ஆம். ஹரியானா 1966 நவம்பர் 1-இல் பஞ்சாபிலிருந்து பிரிந்தது. சண்டிகர் ஒன்றியப் பகுதியானதும் அன்றுதான். சத்தீஸ்கர் 2000 நவம்பர் 1-இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து பிரிந்தது. தாயும் மகளும் ஒரே தேதியில் பிறந்தநாள் கொண்டாடும் வீடு இது. அதே மாதம் பிறந்த உத்தராகண்டுக்கு நவம்பர் 9, ஜார்க்கண்டுக்கு நவம்பர் 15.

1956-லேயே ‘கர்நாடகம்’ என்ற பெயர் வந்துவிட்டதா?

இல்லை. இணைந்த மாநிலத்துக்கு அப்போது ‘மைசூர்’ என்றுதான் பெயர். பழைய மைசூரோடு பம்பாய் மாநிலத்தின் தார்வாட், பிஜாப்பூர், பெல்காம், வடகன்னடப் பகுதிகளும், ஹைதராபாத்தின் கன்னட மாவட்டங்களும், குடகும், சென்னை மாநிலத்திலிருந்து தென்கன்னடமும் கொள்ளேகாலும் சேர்ந்தன. எஸ். நிஜலிங்கப்பா முதலமைச்சரானார். மைசூர் மன்னராக இருந்து பிறகு ராஜப்பிரமுகராக, அதாவது ஆளுநருக்கு நிகரான மாநிலத் தலைவராக, இருந்த ஜெயசாமராஜேந்திர உடையார், அந்தப் பதவியே ஒழிந்துபோனதால் மாநிலத்தின் ஆளுநரானார். வடக்கிலிருந்து வந்து சேர்ந்த பகுதியினருக்கு ‘மைசூர்’ என்பது தங்களுடைய பெயராகப் படவில்லை. தேவராஜ் அர்ஸ் முதலமைச்சராக இருந்தபோது, 1973 நவம்பர் 1 அன்று மாநிலத்தின் பெயர் கர்நாடகம் ஆயிற்று. பெயர் மாற்றத்துக்குப் பழைய தேதியையே தேர்ந்தார்கள். அந்த நாளும் வியாழக்கிழமையாக அமைந்தது மட்டும் தற்செயல்.

இதே வழக்கம் 2014 வரை தொடர்ந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் பெங்களூரு, மைசூரு, மங்களூரு, பெலகாவி, பள்ளாரி, ஹுப்பள்ளி, கலபுரகி உட்பட 12 ஊர்களின் பெயர்கள் கன்னட ஒலிப்பின்படி ஆங்கிலத்திலும் அரசு ஆவணங்களிலும் எழுதப்படலாயின. நம் வகுப்பில் ‘பெங்களூர்’, ‘பெங்களூரு’ இரண்டையும் பிள்ளைகள் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் மதிப்பெண் தருகிறோம். ‘பெங்களூர்’ தமிழ் நாவில் நெடுங்காலமாகப் புழங்குகிற வடிவம். அதை ஆங்கிலேயர் கொடுத்த பெயர் என்று திருத்த வருகிறவர்களோடு நாங்கள் சண்டைக்குப் போவதில்லை, ஆனால் ஒப்புக்கொள்வதும் இல்லை.

தமிழ்நாட்டுக்கும் நவம்பர் 1 தானே பிறந்தநாள்? பிறகு ஏன் ஜூலை 18 என்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு நாங்களே ஒருமுறை தவறான விடையை அச்சிட்டுவிட்டோம். ‘1956 நவம்பர் 1: தமிழ்நாடு என்ற பெயருடன் மாநிலம் உதயம்’ என்று தாளில் ஒரு வரி போயிற்று. அடுத்த வாரம், பேத்தியை அழைத்துவர வந்த ஒரு பெரியவர், அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார். நாகர்கோவில்காரர். விரித்து மேசையில் வைத்தபோது அந்த வரியைச் சிவப்புப் பென்சிலால் இரண்டு முறை வட்டமிட்டிருந்தது தெரிந்தது. “பேரு வந்தது வேற நாளு தம்பி, நாங்க வந்ததுதான் இந்த நாளு” என்றார். அன்றிலிருந்து பெயர், எல்லை இரண்டையும் தனித்தனி வரிகளாக அச்சிடுகிறோம்.

1956 நவம்பர் 1-இல் நிகழ்ந்தது எல்லை மாற்றம். திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் வந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டைப் பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் ஆண்டுக்கணக்கில் நடத்திய போராட்டத்தின் பயன் அது. 1954 ஆகஸ்ட் 11 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தவர்களின் பெயரைச் சொல்லாமல் குமரிக்காரர்கள் இந்த நாளைப் பேசுவதில்லை. கேட்டவை எல்லாம் கிடைத்துவிடவுமில்லை: தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. மலபார் மாவட்டமும் காசர்கோடும் கேரளத்துக்கும், தென்கன்னடத்தின் மீதிப் பகுதியும் கொள்ளேகாலும் மைசூருக்கும், இலட்சத்தீவுகள் ஒன்றிய அரசுக்கும் போயின. வடக்கெல்லையில் ம. பொ. சிவஞானம் முன்னின்று போராடிய திருத்தணி 1960 ஏப்ரல் 1-இல்தான் தமிழகத்தோடு சேர்ந்தது.

இத்தனையும் நடந்த பின்னும் மாநிலத்தின் பெயர் ‘சென்னை’யாகவே இருந்தது. ‘தமிழ்நாடு’ என்று பெயர் சூட்டக் கோரி 1956 ஜூலை 27-இல் உண்ணாநோன்பு தொடங்கிய சங்கரலிங்கனார், இரண்டரை மாதங்களுக்குப் பின் அக்டோபர் 13-இல் உயிர் துறந்தார். எல்லை மாற்றத்துக்கு மூன்று வாரங்களுக்கும் குறைவாகவே இருந்த நேரம் அது. முதலமைச்சர் அண்ணா பெயர் மாற்றத் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது 1967 ஜூலை 18-இல். பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில்.

2019-இல் தமிழக அரசு நவம்பர் 1-ஐத் ‘தமிழ்நாடு நாள்’ என்று கொண்டாடியது. 2021-இல் வந்த அரசு அதை ஜூலை 18-க்கு மாற்றி, நவம்பர் 1-ஐ எல்லைப் போராட்டத் தியாகிகளை நினைவுகூரும் நாளாக அறிவித்தது. எது சரி என்று எங்களைக் கேட்டால், ஒன்று எல்லையின் நாள், மற்றது பெயரின் நாள் என்பதே விடை. எல்லைக்கு இப்பால் உட்கார்ந்திருக்கும் நமக்கு நவம்பர் 1-இன் கனம் சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கொள்ளேகால் உண்மையிலேயே கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்ததா?

இருந்தது. மாதேஸ்வரன் மலைக்கு பஸ் ஏறுகிறவர்கள் கடந்துபோகும் அந்தத் தாலுகா, 1956 அக்டோபர் 31 வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

புதுச்சேரியின் விடுதலை நாளும் நவம்பர் 1 என்று இருக்கிறதே, அதுவும் இதே சட்டத்தால்தானா?

இல்லை. இது தனிக்கதை, ஆண்டும் 1956 அல்ல, 1954. எங்கள் தாளில் எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்த பகுதி இது என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகியவை எதிர்காலத்தில் யாரோடு இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய, 1954 அக்டோபர் 18 அன்று கீழூர் என்ற சிற்றூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். வாக்களித்த 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தார்கள்; 8 பேர் எதிர்த்தார்கள். இரண்டே வாரத்தில், நவம்பர் 1, திங்கட்கிழமை, நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. துப்பாக்கி வெடிக்காமல் ஒரு கொடி இறங்கி மற்றொரு கொடி ஏறியது.

அதே 1954 நவம்பர் 1 அன்று, அதே பிரான்ஸுக்கு எதிராக அல்ஜீரியாவில் தேசிய விடுதலை முன்னணியினர் பல இடங்களில் ஒரே சமயத்தில் தாக்குதல் தொடங்கினர். அல்ஜீரிய விடுதலைப் போரின் முதல் நாள் அது. ஒரு பேரரசு ஓரிடத்தில் அமைதியாகச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிய அதே தேதியில், இன்னோரிடத்தில் ஏழாண்டுகளுக்கு மேல் நீண்ட போர் ஒன்றில் இறங்கியது. இரண்டும் ஒரே நாளில் அமைந்தது தற்செயல்தான். ஆனால் இரண்டின் முடிவுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. புதுச்சேரியைச் சட்டப்படி ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956 மே 28-இல் கையெழுத்தாகியும், பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது 1962-இல்தான். அல்ஜீரியப் போர் ஓய்ந்ததும் அந்த ஆண்டு மார்ச் மாதத்தில்தான். 1962 ஜூலை 5-இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவின் பகுதியாயிற்று.

புதுச்சேரியில் உறவினர் உள்ள பெற்றோர் ‘ஆகஸ்ட் 16-தான் சரியான நாள்’ என்று சொல்வதற்குக் காரணம் இதுவே. நடைமுறையில் கை மாறியது நவம்பர் 1. காகிதத்தில் முடிந்தது ஆகஸ்ட் 16. புதுச்சேரி அரசு இப்போது விடுதலை நாளாகக் கொண்டாடுவது நவம்பர் 1-ஐ.

அக்கம்பக்கத்து மலையாளிகளும் தெலுங்கர்களும் அன்று என்ன கொண்டாடுகிறார்கள்?

மலையாளிகளுக்கு அது கேரளப் பிறவி நாள். பெங்களூர் அலுவலகங்களில் அன்று ஜரிகைக் கரை வைத்த வெள்ளைச் சேலையும் முண்டும் கண்ணில் பட்டால் காரணம் அதுதான். ஆந்திரத்தின் கதை சற்றுக் குழம்பியது: 1956 நவம்பர் 1-இல் ஆந்திரமும் ஹைதராபாத்தின் தெலுங்குப் பகுதியும் சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் ஆயின, 2014 ஜூன் 2-இல் தெலங்கானா பிரிந்தது. தெலங்கானாவுக்கு ஜூன் 2 தான் பிறந்தநாள். ஆந்திரப் பிரதேசம் சில ஆண்டுகள் நவம்பர் 1-ஐக் கைவிட்டுவிட்டு 2019-இல் மறுபடி எடுத்துக்கொண்டது.

பெலகாவியில் வாழும் மராத்தியர்களில் ஒரு பகுதியினர் இதே நாளைக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். எல்லைக்கோடு எங்கே போட்டாலும் யாராவது தவறான பக்கத்தில் நிற்கத்தான் செய்வார்கள். திருத்தணி நினைவுள்ளவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

1956-க்கு முன் இந்திய வரலாற்றில் இந்தத் தேதிக்கு வேறு சிறப்பு உண்டா?

உண்டு. 1858 நவம்பர் 1 அன்று அலகாபாத்தில் கூடிய தர்பாரில், கானிங் பிரபு விக்டோரியா அரசியாரின் பிரகடனத்தைப் படித்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிந்து நாடு நேரடியாக அரசியின் கீழ் போயிற்று. மதத்தில் தலையிட மாட்டோம், தகுதி உள்ளவர்க்கு அரசுப் பணியில் பாகுபாடு காட்ட மாட்டோம் என்று அதில் உறுதிமொழிகள் இருந்தன. அவை எந்த அளவுக்குக் காப்பாற்றப்பட்டன என்பதை மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டுரைத் தலைப்பாகவே கொடுத்திருக்கிறோம்.

கிறிஸ்தவர்களுக்கு அன்று என்ன திருநாள்?

புனிதர் அனைவர் பெருவிழா. எட்டாம் நூற்றாண்டில் போப் மூன்றாம் கிரகோரி ரோமில் எல்லாப் புனிதர்களுக்குமாக ஒரு சிற்றாலயத்தை அர்ப்பணித்ததோடு இந்தத் தேதியைத் தொடர்புபடுத்துவார்கள். மறுநாள், நவம்பர் 2, கல்லறைத் திருநாள். பெங்களூரில் ஓசூர் சாலைக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் அன்று செவ்வந்திப் பூவும் மெழுகுவத்தியும் விற்பவர்களில் பாதிப் பேர் தமிழில் விலை சொல்வதைக் கேட்கலாம்.

இந்தத் திருநாளை அறியாமல் 1755 நவம்பர் 1-இன் லிஸ்பன் நிலநடுக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாது. காலை ஒன்பதரை மணியைத் தாண்டியிருந்தது. பெருவிழா என்பதால் ஆலயங்கள் நிரம்பி வழிந்தன. பீடமெங்கும் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. கூரைகள் மக்கள்மீது இடிந்து விழுந்தன. சாய்ந்த மெழுகுவத்திகளிலிருந்தும் வீட்டடுப்புகளிலிருந்தும் தீ பரவியது. திறந்த வெளியென்று நம்பி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் பொங்கி வந்து வாரிக்கொண்டது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். நிலநடுக்கம் அந்தத் தேதியில் வந்தது தற்செயல். சாவு அத்தனை பெருகியதில் தேதிக்கும் பங்கு உண்டு. 2004 டிசம்பர் 26-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு காலையில் வேளாங்கண்ணியில் எவ்வளவு கூட்டம் இருந்தது என்பதை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

அன்று பிறந்தவர்களில் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர்கள் யாவை?

ஐஸ்வர்யா ராய். பிறந்த ஊர் மங்களூர், பிறந்த நாள் 1973 நவம்பர் 1. மைசூர் மாநிலம் கர்நாடகமான அதே நாள்! இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகளைவிடப் பெற்றோரே அதிகம் வியக்கிறார்கள். உலக அழகியானது 1994-இல். திரையில் அவர் முதலில் தோன்றியது 1997-இல், ஒரு தமிழ்ப் படத்தில் என்பதும் நமக்கு ஒரு சின்னப் பெருமை.

வி. வி. எஸ். லக்ஷ்மண் ஹைதராபாத்தில் பிறந்தது 1974 நவம்பர் 1. 2001 மார்ச் மாதம் கொல்கத்தாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் அடித்த 281 ரன்களைப் பற்றி எந்த அப்பாவிடமும் கேட்டுவிடாதீர்கள், வகுப்பு நேரம் முடிந்துவிடும். ஆப்பிள் நிறுவனத்தை நடத்தியதால் பெயர் பெற்ற டிம் குக் 1960 நவம்பர் 1-இல் பிறந்தவர்.

நான் தாளில் பெரிய எழுத்தில் போடச் சொல்வது ஆல்ஃபிரெட் வெக்னரின் பெயரை. 1880 நவம்பர் 1, பெர்லின். கண்டங்கள் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து பிறகு நகர்ந்து பிரிந்தன என்று சொன்னவர். அவர் காலத்துப் புவியியலாளர் பலர் அதை ஏற்கவில்லை. லிஸ்பனைக் குலுக்கிய அதே தேதியில், நிலம் ஏன் நிலையாக நிற்பதில்லை என்பதற்கான வழியைத் திறந்தவர் பிறந்திருக்கிறார். இது கலப்படமில்லாத தற்செயல். பிள்ளைகள் இரண்டையும் மறக்காமல் இருக்க நல்ல கொக்கி.

தமிழ்க் கலையுலகில் யாராவது?

எம். கே. தியாகராஜ பாகவதர் மறைந்த நாள் 1959 நவம்பர் 1. வயது ஐம்பதுகூட ஆகவில்லை. 1944 தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னையில் ஒரே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் படம் வந்த சில வாரங்களுக்குள்ளேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானார். 1947-இல் விடுதலையாகி வெளியே வந்தபோது ரசிகர்களின் காதும் காலமும் வேறு பக்கம் திரும்பிவிட்டிருந்தன. சிவாஜி நகரின் பழைய டீக்கடை ஒன்றில் அவருடைய படம் இன்றும் சட்டத்துக்குள் தொங்குகிறது. கண்ணாடிக்கு மேல் ஒரு காய்ந்த சந்தனமாலை. அந்தப் படத்தைச் சுட்டிக்காட்டி ‘இது எந்த ராஜா?’ என்று எங்கள் மாணவன் ஒருவன் கேட்டான். கேள்வியில் பெரிய பிழை இல்லை.

ஹைட்ரஜன் குண்டுச் சோதனைக்குச் சில நூல்களில் அக்டோபர் 31 என்றும் சிலவற்றில் நவம்பர் 1 என்றும் இருக்கிறதே?

இரண்டும் சரி. பசிபிக்கில் எனிவெட்டாக் பவளத்தீவில் அமெரிக்கா அதை வெடித்தது, அந்த இடத்து நேரப்படி 1952 நவம்பர் 1 காலை 7.15 மணிக்கு. அப்போது வாஷிங்டனில் அக்டோபர் 31 பிற்பகல். நமக்கு நவம்பர் 1, நள்ளிரவு தாண்டி 45 நிமிடம். எலுகெலாப் என்ற சிறுதீவு அதோடு இல்லாமல் போனது. நிகழ்வு நடந்த இடத்து நேரத்தையே நாங்கள் பின்பற்றுகிறோம் என்பதால் எங்கள் தாளில் அது நவம்பர் 1.

உலக வீகன் நாளும் அன்றுதானா?

ஆம், 1994 முதல். பிரிட்டனில் 1944 நவம்பரில் தோன்றிய வீகன் சங்கத்தின் பொன்விழாவை ஒட்டித் தொடங்கியது. பாலும் தயிரும் நெய்யும்கூடக் கூடாது என்றதும், ஃபில்டர் காபி குடித்துக்கொண்டே தாளைப் படித்த ஒரு தாயார் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ராஜராஜ சோழனின் சதய விழாவை இந்தத் தாளில் ஏன் சேர்க்கவில்லை?

அது தேதியைப் பார்த்து வருவதில்லை, நட்சத்திரத்தைப் பார்த்து வருகிறது. ஐப்பசி மாதத்துச் சதய நட்சத்திரம் ஆங்கிலத் தேதியில் ஆண்டுக்கு ஆண்டு நகரும். நவம்பர் 1 பெரும்பாலும் ஐப்பசி நடுவில் விழுவதால் இரண்டும் அருகருகே வரக்கூடும். ஆனால் ‘இதே நாளில்’ என்று நிலையாக எழுத இயலாது. தீபாவளிக்கும் இதே நிலைதான். 2024-இல் அக்டோபர் 31 தீபாவளி, மறுநாள் ராஜ்யோத்சவம் என்று அடுத்தடுத்து வந்தபோது பட்டாசுச் சத்தம் எந்த விழாவுக்கானது என்று பிரித்தறிய முடியவில்லை.

1984-இல் டெல்லியில் நடந்ததை ஏன் தாளில் போடுவதில்லை?

இந்திரா காந்தி கொல்லப்பட்ட மறுநாளான நவம்பர் 1 முதல் சீக்கியர்கள்மீது நடந்த கொடுமைகளைச் சிறுவர் தாளில் ஒற்றை வரியாக, ஒரு பிறந்தநாளுக்கும் ஒரு விழாவுக்கும் நடுவே போட மனம் வரவில்லை. மேல்வகுப்புத் தாளில் தனியாக, அரைப்பக்கம் எழுதுகிறோம்.

தமிழர்களான நாம் ராஜ்யோத்சவத்தைக் கொண்டாடலாமா? எப்படி வாழ்த்துவது?

தாராளமாக. இந்த ஊரில் நான்காம் ஐந்தாம் தலைமுறையாக வாழ்கிற குடும்பங்கள் நம் வகுப்பிலேயே இருக்கின்றன. கொடியேற்றத்துக்கு அவர்களை யாரும் அழைத்து வர வேண்டியதில்லை. 1991-இன் காவிரிக் கலவரத்தை நேரில் கண்டவர்கள் சற்றுத் தயங்குவது இயற்கை. ஆனால் 2009 ஆகஸ்டில் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையும், நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டதைக் கண்டவர்களும் அவர்களே.

வாழ்த்துவதற்கு ‘கன்னட ராஜ்யோத்சவத ஹார்திக சுபாசயகளு’ என்று சொல்லுங்கள். ‘சுபாசய’ என்பதில் வரும் ‘சு’வைச் ‘சுக்கு’ என்பதில் வருவது போல அல்லாமல், ‘ஷு’வுக்குப் பக்கமாக ஒலியுங்கள். சென்ற ஆண்டு எங்கள் பிள்ளைகள் இதை ஒரு வாரம் பயின்று, கட்டடத்துக் காவலாளியிடம் போய்ச் சேர்ந்து சொன்னார்கள். அவர் வட கர்நாடகத்துக்காரர். சிரித்துக்கொண்டே, ‘தன்யவாதகளு’ என்று கன்னடத்தில் நன்றி சொல்லிவிட்டு, ‘வணக்கம்’ என்று தமிழில் முடித்தார்.

விடுபட்ட நிகழ்வு ஒன்று தெரியும். அனுப்பலாமா?

அனுப்புங்கள். ஆண்டு, இடம், நிகழ்வு மூன்றும் இருக்க வேண்டும். தீர்மானம் நிறைவேறிய நாளா, சட்டம் நடைமுறைக்கு வந்த நாளா, விழா கொண்டாடப்படும் நாளா என்பதையும் ஒரு சொல்லில் குறித்துவிடுங்கள். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு தாளையும் நாகர்கோவில் பெரியவரிடம் காட்டுகிறோம்; சிவப்புப் பென்சில் அவரிடமே இருக்கிறது.